வெள்ளாட்டு வழக்கு

திருமங்கலம் கோர்ட்டில் ஆடு திருடின வழக்கு.
நான் இரண்டாம் சாட்சி.
டவாலி வாசலுக்கு வந்து மூன்று தடவை கூப்பிட்டார்:
சோணைமுத்து, சோணைமுத்து, சோணைமுத்து.
குதிகால் தானாகச் சேர்ந்து விறைத்தது.
கடைசியாக என்னை விசாரித்த அறையில்
எனக்குப் பெயர் கிடையாது, நம்பர்தான்.

செல்லக்கண்ணுவுக்கு வக்கீல் இல்லையென்று
போன வாய்தாவைத் தள்ளி வைத்தார்கள்.
இன்று ஒரு இலவச வக்கீல், ஒல்லிப் பையன்,
கோட்டு அவனைவிடப் பெரிசு.
ஆடு செவலையா கறுப்பா என்று
முதல் சாட்சியை முக்கால் மணி நேரம் உலுக்கினான்.

என் வழக்கே இருபத்தைந்து நிமிடம்.

மேலே, பனியில், பிபின் மாஜி
காய்ச்சலில் கிடந்தான். கீழே இறக்க வண்டியில்லை.
லாரி கர்னலின் சோபாவை ஏற்றிக்கொண்டு
ரயிலடிக்குப் போயிருந்தது.
மாசக் கூட்டத்தில் வழக்கம்போல
யாருக்காவது ஏதாவது கேட்கணுமா என்றார்கள்.
வழக்கம்போல யாருக்கும் இல்லை.
நான் எழுந்தேன்.
லாரி எங்கே போச்சு, சாப்?

ஒழுங்கைக் குலைத்த குற்றம்.
மேசைக்குப் பின்னால் நீதிபதி கர்னல்.
சோபாவுக்குச் சொந்தக்காரரும் அவரே.
எனக்குத் துணையென்று உட்கார வைத்த கேப்டன்
அவரிடம் லீவு கேட்டுக் காத்திருந்தவர்.
மொழிபெயர்க்க வந்த பாலக்காட்டு ஹவில்தார்
நான் சொன்ன நான்கு வரியை ஒரே வார்த்தையாக்கினார்.
அந்த வார்த்தை "ஆமாம்".
தீர்ப்பு ஏற்கெனவே டைப் ஆகியிருந்தது,
தேதிக்கு மட்டும் இடம் விட்டு.

பென்ஷனுக்கு ஏழு மாசம் பாக்கி.
கேள்வி கேட்டதுக்கா அனுப்பிட்டான் என்று
ஊரில் சிரிக்கிறார்கள்.
தோட்டாவை விற்றிருப்பான் என்கிறது டீக்கடை.

இப்போது கப்பலூர் மில்லில் வாட்ச்மேன்.
பார்த்ததை மட்டும் சொல்லுங்க, அவசரமில்லை
என்கிறார் மாஜிஸ்திரேட்.
அவசரமில்லை.
டைப் அடிக்கிற அம்மா விரலை நிறுத்தி
கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்க்கிறார்.
ராத்திரி ரெண்டு மணி, கேட்டுக்கு எதிரே,
தோளில் ஆட்டோடு இவன் ஓடினான்.

பையன் எழுந்து, பொய் சொல்றீங்க என்கிறான்.
எனக்குக் கோபம் வரவில்லை.
கும்மிருட்டில் ஆடு எப்படித் தெரிஞ்சது?
நல்ல கேள்வி தம்பி. கேளு.
லாரி ஒண்ணு திரும்புச்சு, அந்த வெளிச்சத்துல.

எந்த லாரி என்கிறான்.
எங்கே போச்சு அந்த லாரி?

கூண்டுக் கட்டையைப் பிடித்துக்கொள்கிறேன்.
செல்லக்கண்ணுகூட என்னையே பார்க்கிறான்.
அந்த அம்மாவின் விரல்கள்
விசைகளுக்கு மேலே
இன்னும் காத்திருக்கின்றன.