மாவு படிந்த திரை

கொழுத்த வியாழக்கிழமை.
தோருன் நகரம் இன்றைக்கு மட்டும் எண்ணிப் பார்க்காமல் தின்னும்.
வரிசை மருந்துக்கடை வரைக்கும் நிற்கிறது, பனியில் கால் மாற்றி மாற்றி.
நான் கொதிக்கும் கொழுப்புச் சட்டியின் முன்னால்.
பொகுமிவா ரோஜா ஜாம் அடைக்கிறாள்,
நிமிடத்துக்குப் பதினாறு போன்ச்கி.

அவள் ஏப்ரனுக்குள் போன் அதிர்ந்தது.
தோளுக்கும் காதுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டாள்.
கை வேலையை விடவில்லை.
பிறகு விட்டது.

வங்கி, என்று உதட்டை மட்டும் அசைத்தாள்.
அவள் பேரில் யாரோ ஷ்செச்சினில் கடன் கேட்டிருக்கிறார்களாம்.
பத்தே நிமிடமாம், அதற்குள் தடுக்க வேண்டுமாம்.

எனக்கு அந்தக் குரல் கேட்கவில்லை.
கேட்க வேண்டியதுமில்லை.
அவள் தலையாட்டுகிற இடங்களில் எல்லாம்
நானும் தலையாட்டியிருக்கிறேன்.

இப்போது தன் முழுப்பெயர் சொல்வான், ஊழியர் எண்ணோடு.
இப்போது, அட்டையைத் திருப்பிப் பாருங்கள் அம்மா,
திரையில் தெரிவதும் அதே எண்தானே என்பான்.
திருப்பிப் பார்த்தாள்.
அதே எண்தான்.
(எனக்கும் அதே எண்தான். அதை எவனும் எடுத்துப்
போர்த்திக்கொள்ளலாம் என்று போலீஸில் சொன்னார்கள்,
எல்லாம் முடிந்த பிறகு, படிவத்திலிருந்து தலை தூக்காமல்.)
இப்போது கொஞ்சம் இசை, வங்கியின் அதே பியானோ.
இப்போது, யாரிடமும் மூச்சு விடாதீர்கள்,
கிளைக்குள்ளேயே ஒரு திருடன் இருக்கிறான் என்பான்.

பொகுமிவாவின் கண் என்னை விட்டு நகர்ந்தது.
சொல்லிவிட்டான்.

"ஆறு இலக்கமா? இதோ, வந்துவிட்டது. நாலு, பூஜ்யம்..."

எனக்கும் அவளுக்கும் நடுவே நாலடி.
அதைக் கடக்கப் பதினோரு மாதம் ஆயிற்று.
என் கட்டைவிரல் சிவப்பு வட்டத்தின் மேல்.
திரை முழுக்க மாவு.

"பைத்தியமா உனக்கு, செனோன்!
வைத்துவிடாதீர்கள், வைத்துவிடாதீர்கள் என்று
மூன்று தடவை கெஞ்சினார் அந்த மனுஷன்!"
"அதனால்தான் வைத்தேன்."
"உனக்கு என்ன தெரியும்?"

சட்டியில் ஒரு தட்டு கருகத் தொடங்கியிருந்தது.
வீட்டில் கியர்பாக்ஸ் செலவு என்று சொல்லி வைத்திருக்கிறேன்.
அந்தப் பொய்க்காக என் கார் மூன்று வாரம்
அடுத்த தெருவில் நின்றது, எந்தக் கோளாறும் இல்லாமல்.
"பத்தொன்பதாயிரம் ஸ்வோட்டி," என்றேன்.
"போன மார்ச்சில்.
எனக்கு வந்தவனும் நல்ல மரியாதை தெரிந்தவன்."

அவள் ஒன்றும் சொல்லவில்லை.
போன் மறுபடி அடித்தது. அதே எண்.
மேஜையில் கிடந்த மாவில் துடித்துத் துடித்து
தானே ஒரு தடம் போட்டுக்கொண்டு போயிற்று.
விட்டுவிட்டோம். நின்றது. மறுபடி அடித்தது.

பின்னறையில் பழைய சுவர் போன்.
அட்டையின் பின்னால் இருந்த எண்ணை
ஒவ்வொன்றாக அவளே அழுத்தினாள்.
முப்பத்துநாலு நிமிடம் காத்திருந்தோம்.
முதலாளியம்மா விர்ஸ்கா கத்திக்கொண்டு வந்தாள்,
அவள் முகத்தைப் பார்த்தாள்,
என் கரண்டியை வாங்கிக்கொண்டு போனாள்.

கடைசியில் ஜலதோஷம் பிடித்த ஒரு பெண்குரல்.
அவசரப்படவில்லை. ஆறு இலக்கம் கேட்கவில்லை.
கடன் என்று எதுவும் இல்லை, அட்டையை முடக்கிவிட்டேன்,
கடவுச்சொல்லை மாற்றுங்கள் என்றாள்.
இரண்டு தடவை தும்மினாள்.
அத்தனை அழகான தும்மலை நான் கேட்டதில்லை.

கருகிய தட்டை விற்கவில்லை.
நின்றபடியே நாங்கள் மூவரும் தின்றோம்.
பிறகு பொகுமிவா, விரலில் சர்க்கரையைத் தட்டிக்கொண்டே,
"யாத்விகாவுக்குத் தெரியுமா?" என்றாள்.

எட்டு போன்ச்கி, அட்டைப்பெட்டியில், முன்சீட்டில்.
சாவியைத் திருப்பினேன். உடனே கிளம்பிற்று, துரோகி.
பாலம் தாண்டும் வரை ஒத்திகை பார்த்தேன்:
கியர்பாக்ஸுக்கு ஒன்றும் ஆகவில்லை,
என்று ஆரம்பிக்கலாம்.