ஐம்பது மில்லிமீட்டர்

கல்முனையில் நௌபீஸின் ஸ்டூடியோ.
கண்ணாடி அலுமாரியைத் திறந்து
முழங்கை நீளத்தில் ஒன்றை எடுத்து வைத்தார்.
"தூரத்துக்கெண்டா இதான் புள்ள.
மேடையில நிண்டு பாத்தா
கடைசி மேசையில ஆர் ரெண்டாந்தரம்
சோறு போடுறாங்கெண்டு தெரியும்."

தூரம் என்னிடம் இருக்கிறது என்றேன்.
பையை அவிழ்த்து
அறுபத்தைந்து மில்லிமீட்டர் வாயுள்ள
தொலைநோக்கியை அவர் மேசையில் கிடத்தினேன்.
எனக்கு வேண்டியது
இதன் பின்பக்கம் முகம் ஒட்டி நிற்கிற
சின்னக் கண்ணாடி.

இதைப் புரியவைப்பதற்குள்
ஒரு பிளேன்டீ ஆறிவிட்டது.

அகல லென்ஸைப் பிடித்துக் காட்டினேன்:
கிணற்றுக்குள் விழுந்தவள் மேலே பார்த்த மாதிரி
நடுவில் ஒரு வட்ட வெளிச்சம்,
சுற்றிவர இருட்டு.
சூம் லென்ஸ் நீளும்போது
மூக்கால் கண்வில்லையை இடித்தது.
"இடிக்குது" என்றார், தனக்கு வலித்தவர் போல.

தட்டின் மூலையில், மூடி தொலைந்து,
ரப்பர் வளையம் தேய்ந்து
ஒரு ஐம்பது கிடந்தது.
"அது பொண்ணுட முகத்துக்கு வெச்சிரிக்கிற."
விலை கேட்டேன்.
"விக்க மாட்டன். கொண்டு போங்க.
ஞாயித்துக்கிழமை சாய்ந்தமருதில கலியாணம்,
அதுக்கு முன்னம் வேணும்."

அன்றிரவு
தண்ணிக் குழாய்த் துண்டொன்றை வாளால் அறுத்து
இரண்டையும் பொருத்தினேன்.
லென்ஸின் குவியத்தை முடிவிலியில் திருகி
நாடா சுற்றி ஒட்டினேன்.
இனி அது எதையும் தேடக் கூடாது.
தேடுவது தொலைநோக்கியின் வேலை.

வெள்ளி, காலை ஆறே கால்.
குருமண்வெளித் துறைக்குத் தெற்கே
சேற்றில் முக்காலி.
எழுவான்கரையில் நிற்பவளுக்கு
இந்நேரம் சூரியன் முதுகுப்பக்கம்,
படுவான்கரை முழுக்க விளக்குப் போட்ட மாதிரி.
ஒன்பது மணியானால் வாவி ஆவி விடும்,
எல்லா உருவமும் நெளியத் தொடங்கும்.

மண்டூரிலிருந்து வந்த முதல் பாதை
மோட்டார்சைக்கிள்களை இறக்கிவிட்டது.
நடந்து வந்த ஒருவர்
முக்காலியைக் கண்டு, சாரத்தை இறுக்கிக்கொண்டு
வேலியோரமாய்ச் சுற்றிப் போனார்.
ஒரு காலத்தில் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரையைக்
கண்ணாடி வைத்துப் பார்த்தவர்கள்
பறவை பார்க்கவில்லை.
கூப்பிட்டு ஒருதரம் காட்டலாமென்று
நான் வாயெடுப்பதற்குள்
அவர் பூவரச மரம் தாண்டிவிட்டார்.

கருவால் மூக்கன்கள். நாற்பது.
இல்லை, நாற்பத்தொன்று.
அதில் ஒன்றின் காலில் பச்சை வளையம்,
வளையத்தில் எழுத்து,
இரண்டோ மூன்றோ.
பனி உருகும் ஏதோ ஒரு நாட்டில் யாரோ அதைப் பிடித்து
பேர் எழுதி விட்டிருக்கிறார்.

இருபது மடங்கு. ஐம்பதால் பெருக்க ஆயிரம்.
அறுபத்தைந்தால் வகுத்தால் பதினைந்து சொச்சம்.
லென்ஸின் துவாரம் முழுக்கத் திறந்துதான் இருக்கிறது.
ஆனாலும் இந்தக் கணக்குக்கு மேல்
ஒரு துளி வெளிச்சமும் கடனாகக் கிடையாது.
விரல் பட்டால் அந்தக் கரையே அதிர்கிறது.
இரண்டு செக்கன் தாமதம் வைத்து
கையை எடுத்து, மூச்சையும் நிறுத்தி
நிற்கிறேன்.
அந்த இரண்டு செக்கனுக்குள்
மூக்கன் காலை மடித்து
வயிற்று இறகுக்குள் வைக்கிறது.

மறுகா நாற்பது நிமிடம் ஒற்றைக்காலில்.
வளையமில்லாத கால்.

நூற்றுப் பதினாறு படம்.
ஒன்றில் மட்டும், ஓரம் கொஞ்சம் கறுத்து,
நடுவில் அந்தப் பச்சை.
முதலெழுத்து எச்.
அடுத்தது சேறு.

சனி பின்னேரம்
நௌபீஸ் லென்ஸின் முகத்தை ஊதி
வட்டமாகத் துடைத்தார்.
நாடாப் பசையை நகத்தால் சுரண்டினார்.
"கிடைச்சிச்சா?"
"பாதி."
"எதில பாதி?"
"பேரில."

அவர் சிரிக்கவில்லை.
மேசைக் கலண்டரைப் புரட்டி
விரலால் ஒரு வரி ஓடவிட்டு,
"அடுத்த கிழமை
கலியாணம் ஒண்டும் இல்ல" என்றார்.