முப்பது சென்டிமீட்டர்

பஹாவ் தாண்டி, இரண்டாவது டிவிஷன்.
செம்பனை முடிந்து ஓடை தொடங்கும் முன்
பத்து மீட்டர் வெட்டிவேர்.
உரம் அங்கேயே நின்றுவிட வேண்டும்,
அதுதான் ஏற்பாடு.

மாதிரி கேட்டதையெல்லாம் கொடுத்தேன்.
சரிவு நான்கு பாகை.
மண் குடிக்கும் வேகம்.
சதுர மீட்டருக்கு எத்தனை தண்டு,
அதை மண்டியிட்டு எண்ணியதில் அட்டை கடித்தது.
ரஃபிகுல் ஒரு மரத்துக்கு வீசும் யூரியா
ஒரு மைலோ டின்;
வானம் கறுத்தால் ஒன்றரை,
சாக்கு சீக்கிரம் காலியாகட்டும் என்று.

எழுபத்தொரு விழுக்காடு நைட்ரேட்
புல்லிலேயே தங்கிவிடும் என்றது கணினி.
சிரம்பானில் மேலாளர்
அந்த எண்ணுக்காக எனக்கொரு தே தாரிக் வாங்கித் தந்தார்.

அக்டோபர் கடைசி மழைக்கு ஐந்து பாட்டில்.
நான்கில் தண்ணீர் சாது.
ஐந்தாவதில் தாளை நனைத்ததும்
கத்தரிப்பூ நிறம் ஏறியது.

மூன்று இரவு எண்களைத் திருகினேன்.
சொரசொரப்பைக் கூட்டினேன், குறைத்தேன்,
ரஃபிகுலின் டின்னைக்கூடச் சந்தேகப்பட்டேன்.

நான்காம் நாள் மழையிலேயே போய் நின்றேன்.
பாய் விரித்தாற்போல் வரும் என்று
நான் எழுதி வைத்திருந்த தண்ணீர்
புல்லின் வாசலில் தயங்கி
இடம் வலம் பார்த்து
ஓர் ஒற்றையடிப் பாதையைக் கண்டுகொண்டு
கும்பலாக இறங்கியது
ஐந்தாவது பாட்டிலின் தலைமாட்டில்.

யார் போட்ட பாதை இது,
தூண்டில் பையன்களா, காட்டுப் பன்றியா?
ரஃபிகுல் பதில் சொல்லவில்லை.
என் பூட்ஸைப் பார்த்தான்.

பதினான்கு மாதம்.
செவ்வாய், வெள்ளி.
இறங்க ஒரு தடவை, ஏற ஒரு தடவை.

இன்று மாதிரியில் ஒரு வரி கூட்டினேன்.
அகலம் முப்பது சென்டிமீட்டர்,
சொரசொரப்பு ஏறக்குறைய இல்லை.
எழுபத்தொன்று நாற்பத்துமூன்றானது.
காரணம் என்ற கட்டத்தில்
'மனித நடமாட்டம்' என்று எழுதினேன்.
யாருடையது என்று கேட்க
அதில் கட்டம் இல்லை.

வெள்ளிக்கிழமை மறுபடி பாட்டில் எடுக்க வேண்டும்.
பலகை ஒன்று போட்டுத் தருகிறேன் என்கிறான் ரஃபிகுல்.
சுற்றிப் போகலாம்தான், அரை மைல்.
எந்தப் பக்கம் இறங்கினாலும்
அங்கேயும் புல்.