ஸ்வெட்டரைக் கழற்றிவிட்டு

முதல் நிபந்தனை, கம்பளி கூடாது.
கம்பளி உரசினால் உடம்பில் மின்சாரம் ஏறும்,
விரல் நுனியிலிருந்து கண்ணுக்குத் தெரியாத ஒரு பொறி தாவும்,
நாலு மாதச் சம்பளம் சத்தமில்லாமல் செத்துப்போகும்.
கேத்தியில், ஜனவரியில், இரவு பதினொன்றுக்கு
இதைப் படித்துவிட்டு
ஸ்வெட்டரைக் கழற்றினேன். குல்லாவையும்.
ஜன்னலுக்கு வெளியே கேரட் பாத்திகளில்
உறைபனி இறங்கிக்கொண்டிருந்தது.

பாகங்கள் ஒரே நாளில் வரவில்லை.
கேபினட் மேட்டுப்பாளையத்திலிருந்து
துரைசிங்கம் அண்ணன் லாரியில்
காலிச் சாக்குகள் மேல் படுத்துக்கொண்டு வந்தது.
"டிவியா?"
"இல்லண்ணே, கம்ப்யூட்டர்."
தூக்கிப் பார்த்தார். "உள்ள ஒண்ணுமே இல்லியே."
"இனிமேதான்."
அத்தனை கொண்டை ஊசி வளைவும் ஏறி வந்த வெற்றுப் பெட்டிக்கு
வாடகை வாங்க மாட்டேன் என்றுவிட்டார்.

ப்ராசஸரை அழுத்தக் கூடாதாம்.
தன் எடையில் தானே அமருமாம்.
என் கை நடுங்கியது;
பயமா குளிரா என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.
விரல்களை ஊதிச் சூடாக்கப் போனேன்.
ஆவி போர்டில் படிந்துவிட்டால்?
திரும்பி நின்று
சுவரைப் பார்த்து ஊதினேன்.

பிறகு அந்தச் சாம்பல் பசை.
பட்டாணி அளவு போதும் என்று எழுதியிருந்தது.
எந்தப் பட்டாணி?
காய்கறி மண்டியில் கணக்கெழுதுகிறவளிடம்
இப்படிப் பொத்தாம்பொதுவாகச் சொல்லலாமா?
எங்கள் சரிவில் காய்ப்பது
மளிகைக் கடையில் காய்ந்து கிடப்பதைப்போல் இரண்டு மடங்கு.
மளிகைக் கடையை நம்பினேன்.

ஒன்றரை மணிக்கு ஸ்விட்சைத் தட்டினேன்.
ஃபேன் சுற்றியது. விளக்கு எரிந்தது.
திரை கறுப்பாகவே இருந்தது.
பள்ளத்தில் கேரட் கழுவும் இயந்திரம்
உருண்டுகொண்டே இருந்தது, அதற்கு ஒரு சந்தேகமும் இல்லை.
கழற்றினேன். மாட்டினேன். மறுபடி கழற்றினேன்.
அடுத்த கட்டிலில் ஜெசிந்தா
போர்வைக்குள்ளிருந்தே கேட்டாள்:
"உயிரோட இருக்கா?"
"மூச்சு இருக்கு. பேச்சுதான் இல்ல."

மூன்று மணி வாக்கில் கண்ணில் பட்டது:
ரேமின் ஒரு முனை உட்கார்ந்திருந்தது,
மறுமுனை ஒரு நூல் தூக்கி நின்றது.
இரவெல்லாம் எதையும் அழுத்தாமல் பழகிய பெருவிரலை
அதன் தலையில் வைத்து,
உடைந்தால் உடையட்டும் என்று
அழுத்தினேன்.
டக்.

கறுப்பில் வெள்ளை எழுத்துகள்.
வாழ்த்து ஏதும் சொல்லவில்லை.
ஒரு மூலையில் அதன் சூடு: முப்பத்தொன்று.
நம் அறையின் சூடு: ஏழு.

ஜெசிந்தாதான் கண்டுபிடித்தாள்,
பெட்டியின் முதுகில் இளஞ்சூடாய் ஒரு காற்று.
நாலு கைகள் அங்கே.
ஸ்வெட்டர் நாற்காலியிலேயே கிடந்தது.

ஒரு திருகாணி மிஞ்சியிருக்கிறது.
எதனுடையது என்று இன்றுவரை தெரியாது.
பெட்டி ஆடவில்லை, ஓடுகிறது;
ஆனாலும் கணக்கெழுதுகிறவளுக்கு உறுத்தும்.
அதில் அடித்த முதல் வரி:
கையிருப்பு, திருகாணி ஒன்று.