பிச்சாண்டி, முதல் பருவம்

ஸீகன் நகரில் அக்டோபர் மழை.
மலைமேல் இருக்கிறது பல்கலைக்கழகம்,
பஸ் முனகி முனகி ஏறுகிறது.

புதுமுக வாரத்தின் முதல் காலை
பட்டியலைப் பார்த்து ஒருத்தி அழைத்தாள்:
"ஃப்ராவ் பிச்சாண்டி!"
யாரும் எழவில்லை.
மறுபடி அழைத்தாள்.
அப்பா எப்படி இங்கே என்று
நானும் திரும்பிப் பார்த்தேன்.

பாஸ்போர்ட்டில் எனக்குப் பின்னால் நிற்பவர்
பட்டியலில் முந்திக்கொண்டு வந்துவிட்டார்.
பச்சை நாடாவில் மூன்று முறை அடித்துத் திருத்தி
என் ஸ்வெட்டரில் ஒட்டினார்கள் அவரை.
மின்வாரியத்தில் லைன்மேன்.
எனக்கு ஃபீஸ் கட்ட வந்தபோதும்
காலேஜ் கேட்டுக்கு வெளியிலேயே நின்றுகொண்டவர்.

யோன்ட்டெ, மூன்றாம் ஆண்டுக்காரன்,
எங்கள் ஏழு பேரைக் குடைக்குடையாய் இழுத்துத் திரிந்தான்.
பச்சைப் பாட்டில் எந்தத் தொட்டி, பழுப்பு எந்தத் தொட்டி,
எதைப் போட்டால் இயந்திரம் இருபத்தைந்து சென்ட் துப்பும்,
பத்து மணி வகுப்பு ஏன் பத்தேகாலுக்குத் தொடங்குகிறது,
ஞாயிற்றுக்கிழமை சுவரில் ஏன் ஆணி அடிக்கக் கூடாது.
"பரீட்சைக்குத் தனியாகப் பதிய வேண்டும்.
படித்தால் மட்டும் போதாது."
இதை அவன் இரண்டு முறை சொன்னான்.
மெஹர்நூஷ் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டாள்.
நான் எழுதவில்லை.
பார்த்துக்கலாம் என்கிற கொழுப்பு
கடல் தாண்டியும் கரையவில்லை.

புதன் இரவு அப்பா கேட்டார்:
"ரூம் ஜன்னல் எந்தத் திசை?"
தெரியலப்பா.
"சூரியன் எந்தப் பக்கம் வருது?"
வரவே இல்லப்பா.
"மூணு நாளா ஊரைச் சுத்திக் காட்டுறாங்க,
கிழக்கைக் காட்டலையா?"

மறுநாள் யோன்ட்டெயிடம் கேட்டேன்.
நின்றான். ஒரு முழுச்சுற்று சுற்றினான்.
"அந்த... மரங்களுக்குப் பின்னால்?"
இல்லை, நூலகம் பக்கம் என்றாள் ஒயுனா.
மேகத்தின் வெளுப்பை வைத்து வாதாடினாள் மெஹர்நூஷ்.
எட்டுப் பேர், எட்டு விரல்,
நனைந்த வாகன நிறுத்தத்தின் நடுவே.
ஃபோனை எடுக்க யாருக்கும் தோன்றவில்லை,
அல்லது தோன்றியும் எடுக்கவில்லை.
சிரித்துச் சிரித்து ஒயுனாவுக்கு விக்கல் வந்தது.
அவர்கள் பெயரெல்லாம்
அப்போதுதான் எனக்குப் பதிந்தது.

கிழக்கு, உணவுக்கூடத்தின்
குப்பை லாரி வந்துபோகும் பக்கம்.
அப்பாவிடம் சொன்னேன்.
"ம்," என்றார், ஒரு கம்பத்துக்கு
எண் எழுதி முடித்தவர் போல.

வெள்ளியன்று நாடாவின் ஓரம் மழையில் கிளம்பியது.
உரித்து ஜன்னல் சட்டத்தில் ஒட்டினேன்.
வடகிழக்கு ஜன்னல் அது, பாதி நல்ல செய்தி.

டிசம்பரில் ஒரு ராத்திரி, பதினொன்று நாற்பதுக்கு
ஃபோன் அடித்தது.
"பிச்சாண்டி! பரீட்சைக்குப் பதிந்தாயா?
இருபது நிமிடம்தான் இருக்கிறது."

பதிந்தேன். கை நடுங்கியது.

மெஹர்நூஷ் இன்றும் அப்படித்தான் கூப்பிடுகிறாள்.
என் பெயர் கோமதி என்று
ஒருநாள் சொல்ல வேண்டும்.
அவசரமில்லை.