எடுக்காத படம்

கல்லல் தாண்டி, ஆடு ஏறும் பாறையின் அடிவயிற்றில்
ஒரு மான்.
காவியில் கோடு. கொம்பில்லை.
வயிற்றுக்குள் இன்னொரு மான்,
கால் மடக்கி, கட்டைவிரல் அளவு.

எந்தக் காலத்தது என்று எனக்குத் தெரியாது.
கதிர் இல்லாமல் உள்ளே பார்த்தவன்,
அல்லது பார்த்தவள்,
எப்படியும் என் தொழில்தான்.

காரைக்குடியில் எக்ஸ்ரே அறை எனக்கு.
ஈயக் கவசம், மங்கிய பல்பு,
"மூச்சை இழுத்துப் பிடிங்க... விடுங்க."
பெண்கள் வந்தால் அதற்கும் முன் ஒன்று:
"மாசமா இருக்கீங்களா?"
நாளுக்குப் பத்துப் பேர். பத்துப் பேரும்
கேள்வி முடியுமுன் இல்லை என்பார்கள்.
சிலர் சிரிப்பார்கள். அறுபது வயதுக்காரரிடமும்
சீட்டில் இருக்கிறதே என்று கேட்டுத் தொலைத்திருக்கிறேன்.

ஞாயிறுதோறும் அந்த மானை வரைந்தேன்.
செம்புறாங்கல் பொடி, கருவேலம் பிசின்,
பாட்டிலில் ஊருணித் தண்ணீர்.
குழாய்த் தண்ணீர் என்றால் காய்ந்தபின்
தாளில் உப்புப் பூக்கும்.
ஒன்பது தாள். ஒன்பதிலும் குட்டி கரைந்தது.
ஈரம் காயுமுன் கை அவசரப்படும்,
பெரிய மானின் சிவப்பு
சின்னதைக் குடித்துவிடும்.

செவ்வாய்க்கிழமை சிகப்பி வந்தாள்.
வயது நாற்பத்தொன்று.
தேவகோட்டை ரோட்டில் வண்டி சறுக்கி
இடுப்பில் அடி, நொண்டியபடி.
கேட்டேன்.
அவள் இல்லை என்று சொல்லவில்லை.
சுவரில் காலண்டரைப் பார்த்தாள்.
விரலை மடக்கினாள், ஒன்று, இரண்டு,
மறுபடி முதலிலிருந்து.
கதவுக்கு வெளியே நின்ற கணவரை எட்டிப் பார்த்துக்
குரலைத் தணித்தாள்:
"பதினெட்டு வருஷமா இல்லைன்னுதான்
சொல்லிட்டிருந்தேன்."

விளக்கைப் போட்டேன்.
கவசத்தைக் கொக்கியில் மாட்டினேன்.
சீட்டில் எழுதினேன்: எடுக்கவில்லை.

எலும்பு வெள்ளையாய்த் தெரிவது
கதிர் அதைக் கடக்காததால்.
நீர்வண்ணத்தில் வெள்ளை என்பது
தூரிகை தொடாத தாள்.
இரண்டும் இத்தனை வருடமாய்த் தெரியும்,
தனித்தனியாக.

அன்று ராத்திரி பத்தாவது தாள்.
முதுகு, கழுத்து, நிமிர்ந்த காது.
சிவப்பு பள்ளம் பார்த்துத் தேங்கி
ஓரத்தில் கருத்தது.
வயிற்றுக்கு வந்ததும்
கையை எடுத்துக்கொண்டேன்.

உள்ளே குட்டி இருக்கிறதா
என்று யாராவது கேட்பார்கள்.
சிகப்பியின் சோதனை முடிவு
வியாழக்கிழமைதான் வரும்.