ஈரம் காயும் சுவர்

லைப்சிக் நகரம், கால்வாய்க்கரைத் தெரு, நான்காம் மாடி.
லிஃப்ட் கிடையாது.
இருபத்தைந்து கிலோ களிமண் மூட்டை
மொத்தம் இருபத்தாறு.
எண்ணியது நானல்ல, என் முழங்கால்.

வீட்டுக்காரி கிரிட் போலாண்ட்,
தீவிர சிகிச்சைப் பிரிவில் இரவுச் செவிலி.
ஊர் எழும்போது படுப்பவள்,
பத்தொன்பது வருடமாகப்
பகலிடம் தூக்கத்தைக் கடன் கேட்பவள்.

வடிவமைப்பாளன் லெனார்ட் வந்தான்.
"உறங்கும் அறை ஒரு காடாக வேண்டும்" என்றான்.
வண்ண அட்டைகளை விசிறிபோல் விரித்தான்:
மூடுபனி,
நனைந்த கூழாங்கல்,
அதிகாலை ஓட்ஸ்.
என் கண்ணுக்கு மூன்றும் ஒரே சாம்பல்.

தலைமாட்டுக்குப் பாசிச் சுவர்.
தண்ணீர் வேண்டாம், வெயில் வேண்டாம்,
கிளிசரின் குடித்துப்
பச்சையிலேயே நின்றுபோன பாசி.
அவள் இரண்டு விரல் வைத்துப் பார்த்தாள்,
மணிக்கட்டில் வைப்பதுபோல.
"இது எப்போது இறந்தது?"
லெனார்ட் விலைப்பட்டியலைப் புரட்டினான்.
"பத்து வருட உத்தரவாதம்."
"நிறம் மாறாமல் படுத்திருப்பவர்களை
நான் சம்பளத்துக்குப் பார்க்கிறேன்.
வீட்டில் வேண்டாம்."

பாசி போனது. என் மண் நின்றது.

பழைய சுவரைச் சுரண்டினேன்.
ஏழு அடுக்குக் காகிதம்,
ஏழிலும் பூ.
ஊதாக் கொடி, ஆரஞ்சுச் சூரியகாந்தி,
யாரோ அவசரத்தில் தலைகீழாய் ஒட்டிய டுலிப்.
காட்டை உள்ளே கூப்பிட்டவர்கள் வரிசையில்
நாங்கள் எட்டாவது.

பிறகு மண்.
மணல் கொஞ்சம், நறுக்கிய பார்லி வைக்கோல் கொஞ்சம்.
கரணையில் எடுத்து அப்பினால்
ஈரத்துணியால் முகம் துடைக்கும் சத்தம்.
மதியத்துக்குள் அறை பூராவும்
மழை தொடங்கி ஐந்தாம் நிமிட வாசனை.
கிரிட் வாசலில் நின்றாள், வேலைக் காலணியோடு.
ஒன்றும் சொல்லவில்லை. கொட்டாவி விட்டாள்.
எனக்குக் கிடைத்த பாராட்டுகளில்
அதுதான் நீளமானது.

ஒன்பதாம் நாள் காலை ஃபோன்.
"சுவரில் ஏதோ நிற்கிறது."

சுவருக்குக் காது உண்டு என்பார்கள்,
இதற்குப் பயிர் இருந்தது.
வைக்கோலில் தப்பி வந்த பார்லி மணிகள்
முளைத்து, குறுக்கே நீண்டு,
பாதி வழியில் ஜன்னலை ஞாபகம் வந்தாற்போல்
வளைந்து நின்றன.
நாற்பத்தொன்று, அவள் எண்ணி வைத்திருந்தாள்.

"மார்லிஸ், இது பிழை" என்றான் லெனார்ட்.
"சீவி எடு. படம் எடுக்க வருகிறார்கள்."
சீவத் தேவையில்லை, காய்ந்தால் தானே போகும் என்றேன்.
"எத்தனை நாள்?" அவள் கேட்டாள்.
இந்தக் கேள்வியை
வழக்கமாக அவளிடம்தான் கேட்பார்கள்.
"ஜன்னலைத் திறந்தால் நான்கு.
மூடி வைத்துத் தண்ணீர் தெளித்தால் பத்து.
அப்புறம் பூஞ்சை, சுவரும் போகும்."

தெளிப்பான் அவள் கையிலேயே இருந்தது.
நான் வாளி கழுவப் போனேன்.
சுத்தமான வாளிதான், இரண்டு தரம் கழுவினேன்.
திரும்பி வரும்போது
ஜன்னல் இரண்டு கதவும் விரிந்து கிடந்தது.
கீழே கால்வாயில் துடுப்புப் படகு,
எவனோ எண் சொல்லிக் கத்திக்கொண்டு போனான்.
தெளிப்பான் தரையில்.

இரண்டாம் பூச்சுக்கு வெள்ளிக்கிழமை போனேன்.
மணி அடித்தேன், பதில் இல்லை.
எனக்கென்று கொடுத்திருந்த சாவியால் திறந்தேன்.
திரை மாட்டாத அறை,
நடுப்பகல் வெளிச்சம் முழுசாக உள்ளே.
வெறும் பலகைமேல் மெத்தை.
ஒரு காலணி கழற்றி, ஒன்று கழற்றாமல்
அவள் வாய் பிளந்து தூங்கினாள்.
தலைமாட்டில் நாற்பத்தொன்றும் மஞ்சளாகித்
தலை தொங்கிவிட்டன.

மூட்டையை இறக்காமல்
எண்பத்தெட்டுப் படி கீழே வந்தேன்.

அன்றைய வேலை ஏன் நடக்கவில்லை என்று
காரணம் எழுதக் கேட்டான் லெனார்ட்.
எழுதினேன்:
சுவர் இன்னும் ஈரம்.